கோல்ஃப் கருவி விதிகள்: ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கு எதற்கு?

கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வீட்டுக் கூடத்தில் ஆட்டம் மும்முரமாக நடக்கும். மாமா ஒருவர் சட்டைப் பையிலிருந்து கனமான ஸ்டிரைக்கர் ஒன்றை எடுப்பார். சுண்டினால் காய்கள் சிதறும். "மாமா, இது செல்லாது" என்று ஒரு பொடியன் கத்துவான். மாமா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அதே மாமா போட்டிக்குப் போனால், ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள். சத்தமில்லாமல் அதைப் பைக்குள் போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பார். வீட்டில் மாமாவைத் தடுக்க ஆளில்லை, தடுக்கவும் வேண்டியதில்லை. போட்டி என்றால் கதை வேறு.

கோல்ஃபில் என்ன சிக்கல் என்றால், கூடத்து ஆட்டமும் போட்டியும் ஒரே மைதானத்தில், ஒரே காலையில், அதே நாலு பேரோடு நடக்கும். ஆறு மணிக்குச் சும்மா ஆடத்தான் போயிருப்போம். முதல் ஹோலில், அதாவது முதல் குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டு ஒருவர், "இன்னைக்குக் கார்டு போடலாமா?" என்பார். அடிகளை எண்ணி அட்டையில் எழுதி, விதிப்படி ஆடலாமா என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குத் தலையாட்டிய நிமிஷத்திலிருந்து, உங்கள் பையில் என்ன இருக்கிறது என்பது மற்ற மூவரின் விவகாரமும் ஆகிவிடுகிறது.

உள்ளே போகும் முன், புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தின் சொற்கள் தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் விஷமமானவை. பட்டர் என்றால் பெருமாள் கோயிலில் இருப்பவர் அல்லர். பந்தைக் குழிக்குள் உருட்டுகிற மட்டை. கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டப்பட்டவர் அல்லர். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, காற்றுப் பார்த்து, புத்தியும் சொல்பவர். டீ என்றால் பந்தை நிறுத்தும் சிறு குச்சி. (அதற்கும் விதி உண்டு: 4 அங்குலத்துக்கு மேல் கூடாது.) கிளப் என்பது மன்றத்துக்கும் மட்டைக்கும் பொதுப் பெயர் என்பதால், இங்கே மட்டையை மட்டை என்றே எழுதுகிறேன்.

விதிகளை எழுதுவது இரண்டு அமைப்புகள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ ஒன்று. அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ இன்னொன்று. அமெரிக்காவும் மெக்சிகோவும் யுஎஸ்ஜிஏவின் கீழ். இந்தியா, இலங்கை உட்பட மற்ற நாடுகள் ஆர் அண்ட் ஏ பக்கம். இன்று இரண்டும் ஒரே புத்தகத்தைத்தான் வெளியிடுகின்றன. அதில் நாலாவது விதி முழுக்க ஆட்டக்காரரின் கருவிகளைப் பற்றியது. ஒரு மட்டையோ பந்தோ எப்படிச் செய்யப்பட வேண்டும் என்ற அளவுகளுக்குத் தனிப் புத்தகம் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டியது தயாரிப்பாளர்களின் தலையெழுத்து, நம்முடையது அல்ல.

முதலில் பந்து. எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒன்று மேல் வரம்பு, இன்னொன்று கீழ் வரம்பு என்பதைக் கவனியுங்கள். சின்னதாகவும் கனமாகவும் இருக்கும் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதனால்தான் இப்படி இரண்டு பக்கமும் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆர் அண்ட் ஏ நாடுகளில் 41.15 மில்லிமீட்டர் பந்து செல்லுபடியாகும், அமெரிக்காவில் ஆகாது. எதிர்க்காற்றில் சின்னப் பந்துதான் ராஜா. 1974இல், பிரிட்டனில் நடக்கும் பெரும் போட்டியான ஓப்பன் சாம்பியன்ஷிப்பில் பெரிய பந்தைக் கட்டாயமாக்கினார்கள். 1990இல் சின்னப் பந்து விதிப்புத்தகத்தை விட்டே போனது.

பந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் சோதனை உண்டு. மணிக்கு 120 மைல் வேகத்தில் மட்டையை வீசும் இயந்திரம் ஒன்றைக் கொண்டு அடித்துப் பார்ப்பார்கள்; உருண்டு நிற்கும் தூரம் 317 யார்டு, போனால் போகிறதென்று இன்னும் 3 யார்டு, அதைத் தாண்டக் கூடாது. நம்மில் பலர் மணிக்கு 85 மைல் வேகத்தில் வீசினாலே பெரிய விஷயம். அந்த வரம்பு நம் தலைக்கு மேலே எங்கோ போகும் ஹைடென்ஷன் கம்பி மாதிரி. இருக்கிறது, நம் கை அதைத் தொடப்போவதில்லை.

பந்தில் நம்மைப் போன்றவர்களைத் தொடுகிற விதி வேறொன்று: பந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பறக்க வேண்டும். 1970களில் போலாரா என்று ஒரு பந்து வந்தது. பந்தின் மேல் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளை எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் வைக்காமல், நடுப்பட்டையில் ஒரு விதமாகவும் இரு முனைகளில் வேறு விதமாகவும் வைத்திருந்தார்கள். டீயின் மேல் சரியான திசையில் நிறுத்தி அடித்தால், வலப்பக்கம் வளைந்து ஓடும் பந்து தானாகவே நேராகும். வலப்பக்கம் வளைவது புதியவர்களின் பரம்பரை வியாதி, ஆட்டக்காரர்கள் ஸ்லைஸ் என்பார்கள். அதற்கு மருந்தைப் பந்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்! யுஎஸ்ஜிஏ முறைத்தது, சமச்சீர் விதி பிறந்தது, போலாரா வெளியே போனது. அந்தப் பெயரில் பந்து பின்னாளில் மறுபடி விற்பனைக்கு வந்தது, சும்மா ஆடுகிறவர்களுக்கு என்று சொல்லியே. தூரத்தைப் பற்றிய விதிகள் வல்லவர்களைக் கட்டுவதற்கு; இந்த ஒரு விதி மட்டும் தடுமாறுகிறவரின் ஊன்றுகோலைப் பிடுங்குகிறது. எனக்கு இதில் கொஞ்சம் மனக்கசப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை.

இனி டிரைவர். முதல் அடிக்கு எடுக்கும் பெரிய தலை மட்டை. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம். பழைய மரத்தலை டிரைவர்கள் இதில் பாதிகூட இருக்காது. தலை பெரிதானால் நடுவில் படாத அடிக்கும் மன்னிப்பு கிடைக்கும். புதியவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. அந்த உபகாரத்தை விதி கிட்டத்தட்ட முழுசாகவே விட்டுவைத்திருக்கிறது.

சண்டையெல்லாம் முகத்தைப் பற்றித்தான், அதாவது பந்தில் படும் பரப்பைப் பற்றி. டைட்டானியம் முகத்தை மெல்லிசாகச் செய்தால், பந்து படும்போது அது உள்ளே அமுங்கி வெளியே துள்ளும். டிராம்போலின் மாதிரி. எவ்வளவு துள்ளலாம் என்று அளக்க ஒரு சின்ன ஊசல் வைத்திருக்கிறார்கள். இரும்புக் குண்டு ஒன்று முகத்தில் மோதித் திரும்பும்; எத்தனை மைக்ரோ நொடி முகத்தோடு ஒட்டியிருந்தது என்று கருவி பார்க்கும். 239 மைக்ரோ நொடி வரம்பு, சலுகை 18, ஆக 257. அதற்கு மேல் ஒட்டியிருந்தால் முகம் அதிகம் வளைகிறது என்று அர்த்தம், மட்டை செல்லாது.

இந்த அளவு வருவதற்கு முன்னால் ஒரு குழப்பமான காலம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் காலவே நிறுவனத்தின் இஆர்சி டிரைவரை யுஎஸ்ஜிஏ செல்லாது என்றது. ஆர் அண்ட் ஏ அப்போது துள்ளலுக்கு வரம்பே வைத்திருக்கவில்லை. ஆகவே ஒரே டிரைவர் அமெரிக்காவில் செல்லாது, இந்தியாவில் செல்லும். அந்த வரிசையில் அடுத்து வந்த டிரைவரை, சும்மா ஆடுகிறவர்கள் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும் என்று ஆர்னால்ட் பாமர் பகிரங்கமாக ஆதரித்தார். ஏழு பெரும் பட்டங்கள் வென்றவர், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியவர். அவரையே போட்டுத் தாக்கினார்கள். பிறகு இரண்டு அமைப்புகளும் உட்கார்ந்து பேசி ஒரே வரம்புக்கு வந்தன. 2008 ஜனவரி முதல் எங்கும் எல்லோருக்கும் அதே வரம்பு.

பாமர் கேட்டது நியாயமான கேள்விதானா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பௌதிகம் போதும். மட்டைத் தலை சுமார் 200 கிராம், பந்து 46 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதலில் எவ்வளவு வேகம் திரும்பக் கிடைக்கிறது என்று சொல்வது துள்ளல் எண்; வரம்புக்குட்பட்ட முகத்துக்கு அது 0.83. மணிக்கு 85 மைல் வேகத்தில் மட்டை பந்தில் பட்டால், பந்து ஏறக்குறைய 126.5 மைல் வேகத்தில் கிளம்பும். இப்போது விதியை மீறிய ஒரு முகம், 0.86 என்று வையுங்கள். பந்து 128.5 மைலில் கிளம்பும். இரண்டு மைல் கூடுதல். பந்தின் வேகத்தில் ஒரு மைலுக்கு இரண்டு யார்டு என்பது ஆட்டக்காரர்களின் வாய்ப்பாடு. ஆக நாலு யார்டு. அதுவும் முகத்தின் நட்டநடுவில் பட்டால். ஓரத்தில் பட்டால் அந்த நாலும் போச்சு.

நாலு யார்டு என்பது ஒரு வேனின் நீளம்கூட இல்லை. இதற்காகவே முதியவர்களைக் குறிவைத்து, 'அதிகத் துள்ளல்' என்று பெயர் போட்டு, ஜப்பானில் விலையுயர்ந்த டிரைவர்கள் விற்கிறார்கள். நம் ஊர் ஆட்கள் சிலரும் வெளிநாடு போய்வரும்போது வாங்கி வருவதுண்டு. முகம் மெல்லிசு என்பதால் விரிசல் விடும் வாய்ப்பும் அதிகம். என் ஆட்ட நண்பர் ஒருவர் அப்படி ஒன்று வைத்திருக்கிறார். எழுபது வயது. அடித்துவிட்டு, "கேட்டியா சத்தத்தை?" என்பார். மெல்லிய முகம் எழுப்பும் அந்தக் 'கணீர்' அவருக்குத் தூரத்தைவிடப் பிடித்திருக்கிறது. சும்மா ஆடுகிற நாளில் அவரிடம் விதி பேச எனக்கு மனம் வராது. கார்டு போடுகிற நாளில் அவரே அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வருவார்.

வல்லவர்களுக்கு இந்த அளவு வேறு விதத்தில் தொல்லை கொடுக்கும். அடித்து அடித்து முகம் தேயத் தேயத் துள்ளல் கூடும். கடையில் வாங்கும்போது விதிக்குள் இருந்த மட்டை ஒரு வருஷத்தில் விதியைத் தாண்டிப் போகலாம். 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப் வாரத்தில் ரோரி மெக்கில்ராயின் டிரைவர் இப்படித்தான் சோதனையில் தோற்றது. ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவரும் அதே வாரம் தோற்றது. அவர் மாற்று டிரைவரை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டத்தையே வென்றுவிட்டார். நாம் இதற்குக் கவலைப்படத் தேவையில்லை. விதிக்குள் செய்யப்பட்ட மட்டை சாதாரண உபயோகத்தில் தேய்ந்தால் அதைச் செல்லுபடியாகும் மட்டையாகவே கருத வேண்டும் என்று நாலாவது விதி சொல்கிறது. தவிர, முகத்தைத் தேய்க்கும் அளவுக்கு நாம் நடுவில் அடித்தால்தானே!

வெட்ஜ் எனப்படும் குட்டை மட்டைகளின் முகத்தில் கோடுகோடாகப் பள்ளங்கள் இருக்கும். அவற்றின் வேலை டயரில் இருக்கும் பட்டன்களின் வேலைதான். மழை ரோட்டில் டயர் தண்ணீரை ஒதுக்கித் தரையைப் பிடிப்பதுபோல, முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் சிக்கும் புல்லையும் ஈரத்தையும் இந்தப் பள்ளங்கள் ஒதுக்கும்; பந்துக்குச் சுழல் கிடைக்கும். பள்ளம் ஆழமாகவும் ஓரம் கூராகவும் இருந்தால், உயரமான புல்லிலிருந்துகூடப் பந்தைச் சுழலவிட்டு நிறுத்திவிடலாம். புல்லில் விழுவதற்குத் தண்டனையே இல்லாமல் போய்விட்டது என்று 2010இல் பள்ளங்களின் கொள்ளளவையும் கூர்மையையும் குறைத்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உடனே அமல். நம்மைப் போன்றவர்களின் பழைய மட்டைகளைக் குறைந்தது 2024 வரை தொட மாட்டோம் என்றார்கள். அந்த 2010இலேயே ஒரு வேடிக்கை நடந்தது. ஃபில் மிக்கல்சன், பிங் ஐ 2 என்ற இருபது வருஷப் பழைய வெட்ஜைத் தேடி எடுத்துக்கொண்டு ஆட வந்தார். 1990க்கு முன் செய்த அந்த வகைக்கு, பழைய வழக்கு ஒன்றின் சமரசத்தால் விலக்கு இருந்தது. சக ஆட்டக்காரர் ஒருவர் அதை ஏமாற்று என்றே சொல்லிவிட்டார். விதிப்படி அது ஏமாற்று இல்லை. விதிக்குள் நிற்பதும் மற்றவர்கள் முகம் சுளிப்பதும் ஒரே சமயத்தில் நடக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தொழிற்சாலையில் தீர்மானமாகிற விஷயங்கள். பெயருள்ள நிறுவனத்தின் மட்டையையோ பந்தையோ ஒழுங்கான கடையில் வாங்கினால், அநேகமாக அது விதிக்குள்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஆர் அண்ட் ஏயும் யுஎஸ்ஜிஏயும் டிரைவர் தலைகளுக்கும் பந்துகளுக்கும் பட்டியல் வைத்திருக்கின்றன. பெயரைப் போட்டுத் தேடிக்கொள்ளலாம். போலி மட்டைகள்தான் ஆபத்து. அசலின் பெயர் பட்டியலில் இருக்கும்; உங்கள் கையில் இருப்பது அசல் இல்லையே. குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விற்கும் பந்துகளைப் பற்றியும் புதியவர்கள் கேட்பார்கள். அசல் வகை விதிக்குள் இருந்தால் பழைய பந்து என்பதற்காக அது செல்லாமல் போகாது. தாராளமாக வாங்குங்கள். எப்படியும் திரும்பக் குளத்துக்குத்தான் போகப்போகிறது.

நம் கையாலேயே நாம் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. நான் பார்த்தவரை நாலைந்துதான்.

முதலாவது, இரண்டு பேருக்கு ஒரே பை. புதிதாகத் தொடங்கும் கணவன் மனைவி, அப்பா மகன், ஆபீஸ் நண்பர்கள் ஒரே செட்டை மாற்றி மாற்றி அடிப்பது சகஜம். பழகும்போது பாதகமில்லை. கார்டு போட்டு ஆடும்போது ஒருவர் மட்டையை இன்னொருவர் வாங்கி அடிக்கக் கூடாது. ஒரே அணியில் கூட்டாளியாக ஆடி, இருவர் மட்டைகளும் சேர்த்து 14க்கு மிகாமல் இருந்தால் மட்டும் விலக்கு.

இன்னொன்று தூரம் பார்க்கும் லேசர் கருவி. 2019 முதல் விதிப்புத்தகம் அதைப் பொதுவாகவே அனுமதிக்கிறது. வேண்டாம் என்று நினைக்கும் போட்டிக்குழு தனியே தடை போட்டுக்கொள்ளலாம். தூரம் பார்க்கலாம். ஏற்ற இறக்கத்தை அளக்கக் கூடாது, காற்றின் வேகத்தையும் அளக்கக் கூடாது. கடையில் விற்கும் கருவிகள் பலவற்றில் ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் வசதி இருக்கிறது. சமதரையில் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை மைதானங்களில் அதுவே பாதி ஆட்டம். கண்ணுக்கு 150 யார்டாகத் தெரியும் கிரீன் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) மேட்டில் இருந்தால் 160க்கான மட்டையை எடுக்க வேண்டும். பள்ளத்தில் இருந்தால் 140க்கானது. அந்தக் கணிப்பு ஆட்டக்காரரின் கண்ணுக்கும் கேடியின் அனுபவத்துக்கும் உரியது என்று விதி நினைக்கிறது. அந்த வசதி உள்ள கருவியைக் கொண்டுபோவது தவறில்லை. அணைத்து வைக்க வேண்டும். முதல் முறை மாட்டினால் இரண்டு அடி அபராதம்; குறைந்த அடியில் முடிப்பவர் வெல்லும் ஆட்டத்தில், உங்கள் எண்ணிக்கையில் இரண்டு கூடும். இரண்டாம் முறை ஆட்டத்திலிருந்தே நீக்கம்.

பிறகு வாசலின் விவகாரம். டிரைவர் முகத்தில் வாசலின், சன்ஸ்கிரீன், ஏன் எச்சில்கூடத் தடவுவார்கள் சிலர். வழுக்கினால் பக்கச் சுழல் குறையும், ஸ்லைஸ் அடங்கும். அடங்கும்தான். ஆனால் தடவி ஓர் அடி அடித்தால் நேரே நீக்கம். குளிர்காலையில் பந்தைக் கைச்சூட்டுப் பையில் வைத்து வேண்டுமென்றே சூடாக்குவதற்கும் அதே கதி. திருகாணியைத் திருப்பிக் கோணத்தை மாற்றும் டிரைவர்களை வீட்டில் எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளுங்கள். ரவுண்டு தொடங்கியபின் திருப்பி அடிக்கக் கூடாது.

நீளமான பட்டரைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் தீர்த்துவிடலாம். நெஞ்சு உயரத்துக்கு இருக்கும் பட்டரைத் தடை செய்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2016 முதல் தடையானது, பட்டரை உடம்போடு அழுத்தி ஊன்றிக்கொண்டு அடிக்கும் முறை. முதுகுவலிக்காரர்கள் நீளமான பட்டரை நெஞ்சில் படாமல் பிடித்து அடிப்பதற்கு ஒரு தடையும் இல்லை.

எல்லாவற்றிலும் எளிமையான விதி, பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. 1930களின் கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் இருபது, இருபத்தைந்து என்று சுமக்க வைத்திருக்கிறார்கள். கேடிகளின் தோள்கள் இந்த விதிக்கு நன்றி சொல்லியிருக்கும். மீறினால், மீறிய ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு அடி, அதிகபட்சம் நாலு. எண்ணத் தெரிந்தால் போதும், இதில் யார் மாட்டுவார்கள் என்று தோன்றும்.

2001, ராயல் லிதம் மைதானம், ஓப்பன் சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள். வேல்ஸ் நாட்டின் இயன் வூஸ்னம் மூன்று நாள் ஆட்டத்துக்குப் பிறகு மற்ற மூவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு நிற்கிறார். முதல் ஹோல் மூன்று அடியில் முடிக்க வேண்டியது. அவர் அடித்த பந்து கிட்டத்தட்ட குழிக்குள்ளேயே விழப் பார்த்து, ஓரமாக நின்றது. தட்டிவிட்டார், இரண்டு அடியில் முடிந்தது. இனி தனியே முதலிடம். இரண்டாம் ஹோலின் டீக்கு நடந்து வருகிறார். அங்கே டிரைவர் எடுக்க வேண்டும். பையில் இரண்டு டிரைவர் இருக்கிறது. காலையில் பயிற்சியின்போது இரண்டையும் அடித்துப் பார்த்தவர்கள் ஒன்றை வெளியே எடுத்து வைக்க மறந்திருக்கிறார்கள். முதல் ஹோலில் டிரைவருக்கு வேலையே இல்லை, அதனால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. கேடிதான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. வூஸ்னம் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். இரண்டு, நாலாக மாறியது. அடுத்த சில ஹோல்களில் இன்னும் இரண்டு அடி போனது. பிறகு தேறி வந்து மூன்றாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார்; டேவிட் டுவால் நாலு அடி முன்னால் இருந்து கோப்பையை வாங்கினார். அந்தப் பதினைந்தாவது மட்டையால் அவர் ஒரு அடிகூட அடிக்கவில்லை.

சரி, நமக்கு இதெல்லாம் எதற்கு? ஹேண்டிகேப் என்ற ஒன்று இருப்பதால். உங்கள் திறமைக்கு ஏற்ப உங்களுக்கு இத்தனை அடி சலுகை என்று தரும் எண் அது. 2020இல் உலகம் முழுக்க ஒரே முறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த எண்ணுக்குக் கணக்கில் சேரும் ரவுண்டு, விதிப்படி, செல்லுபடியாகும் மட்டையோடும் பந்தோடும் ஆடியதாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஆடும் ஒருவரும் கொழும்பில் ஆடும் ஒருவரும் முன்பின் பார்க்காமல் ஒரே நாளில் மோதி, ஆட்டம் நியாயமாக இருந்தது என்று கைகுலுக்க முடிவது அந்த எண்ணை நம்புவதால்தான். இதில் ஒரு கேலிக்கூத்தும் ஒளிந்திருக்கிறது. விதி மீறிய மட்டையால் வாரந்தோறும் நல்ல கார்டு போட்டால் உங்கள் ஹேண்டிகேப் குறையும், அதாவது சலுகை குறையும். போட்டிக்கு நல்ல மட்டையோடு வரும்போது, குறைந்த சலுகையோடு நிற்பீர்கள். தன் காலில் தானே கோடாலி போட்டுக்கொள்வது என்பார்களே, அது.

ஹேண்டிகேப் வாங்காத, கார்டு போடாத, சிரித்துப் பேசி ஆடிவிட்டு இட்லி சாப்பிடப் போகிற ஆட்டக்காரருக்கு? கருவி விதிகள் ஒன்றுமே செய்யாது. கூட ஆடுகிறவர்களிடம் சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். பந்தயம் கட்டினால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். பத்து ரூபாய்ப் பந்தயத்துக்கு உடைந்த நட்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வரப்போவதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் இதைக் கேட்டுத்தான் பயப்படுகிறார்கள். வல்லவர்கள் ரொம்ப தூரம் அடிக்கிறார்கள், மைதானங்கள் போதவில்லை என்ற புலம்பல் நெடுநாளாக இருக்கிறது. 2023 மார்ச்சில், பெரிய போட்டிகளுக்கு மட்டும் வேகம் குறைந்த பந்து என்று ஒரு யோசனை வைத்தார்கள். தொழில்முறைக்கு ஒரு பந்து, நமக்கு ஒரு பந்தா என்று எதிர்ப்பு கிளம்பியது. அதைக் கைவிட்டு, அதே வருஷம் டிசம்பரில், எல்லோருக்கும் ஒரே மாற்றம் என்று அறிவித்தார்கள்: சோதனை இயந்திரத்தின் வேகம் 120 மைலிலிருந்து 125 மைலாகும், 317 யார்டு வரம்பு அப்படியே இருக்கும். வேகமாக அடித்தும் அதே தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்றால் பந்து சற்று மந்தமாக வேண்டும். அப்போதைய அறிவிப்பின்படி உயர்நிலைப் போட்டிகளுக்கு 2028, மற்ற எல்லோருக்கும் 2030. மிகத் தூரம் அடிப்பவர்களுக்கு 13 முதல் 15 யார்டு குறையும், சாதாரண ஆட்டக்காரர்களுக்கு 5 யார்டு அல்லது அதற்கும் கீழே என்பது அவர்கள் சொன்ன மதிப்பீடு. என் கேள்வி ஒன்றுதான்: ஐந்து யார்டு என்பது எனக்கு ஒன்றுமில்லை என்றால், என்னை ஏன் இதில் இழுக்கிறார்கள்? பதில், ஒரே விதிப்புத்தகம் என்ற பெருமை. நான் அடிக்கும் பந்தைத்தான் ஷெஃப்லரும் அடிக்கிறார் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், அதனால் ரொம்பவும் முணுமுணுக்க முடியவில்லை.

போன வருஷம் மாதாந்திரப் போட்டி ஒன்றில், மூன்றாவது ஹோலின் கிரீனுக்குப் பக்கத்தில் பட்டரை எடுக்கப் பையில் கைவிட்டேன். பட்டருக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், இளஞ்சிவப்புப் பிடி போட்ட இன்னொரு பட்டர். என் மகளுடையது. முந்தின நாள் மாலை அவளைப் பழக அழைத்துப் போயிருந்தேன். வரும்போது அப்பா பையில் போட்டுவிட்டாள். அதைச் சேர்த்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதினைந்து. என் கார்டை எழுதிக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தார், சிரிப்பை அடக்கினார்.

"அண்ணே, முதல் ரெண்டு ஹோலுக்கும் ரெண்டு ரெண்டு. மொத்தம் நாலு. போடட்டுங்களா?"

"போடுங்க தம்பி."

இளஞ்சிவப்புப் பட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டு, என்னுடையதை எடுத்துக்கொண்டு கிரீனுக்கு நடந்தேன்.